பிரபஞ்சத்துக்குத் துணி போடச் சொன்ன மகனுக்கு

நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை கேட்டபோது கோபம் வந்தது. இரண்டாவது தடவை உங்கம்மா பக்கத்தில் நின்று சிரித்ததால் ஒழுங்காகக் கோபப்பட முடியவில்லை. மூன்றாவது தடவை, நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம் செய்யக் கேட்டேன். "அப்பா, ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பார்க்க வர்றாங்க. ஹால்ல இருக்கிற அந்தக் கம்ப்யூட்டரை உள் ரூமுக்கு மாத்திடுங்க. முடியலன்னா ஒரு பெட்ஷீட் போட்டு மூடிடுங்க. கேம் கீம்னு எதுவும் பேசாதீங்க, ப்ளீஸ். அறுபத்தோரு வயசுல ஒருத்தர் ஸ்பேஸ் கேம் ஆடறார்னா அவங்க என்ன நினைப்பாங்க?" அவ்வளவுதான். நடுவில் ஒரு லிஃப்ட் திறக்கிற சத்தம் கேட்டது. லிஃப்டில் ஏறுகிற நேரத்தில் அப்பாவுக்கு அறிவுரை சொல்லி முடித்துவிட்டாய். எனக்கு அந்தத் திறமை கிடையாது. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அங்கேயே கிடக்கும்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணம். மாட்டேன். உள் அறைக்கும் மாற்ற மாட்டேன், துணியும் போட மாட்டேன். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன் நான். நயமாக மறுக்கிற முறையை அங்கே சொல்லித்தரவில்லை. இந்தக் கடிதத்தை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். உனக்கு நிச்சயமான பெண்ணுக்கே காட்டலாம். மறைக்க வேண்டியது இதில் ஒன்றுதான் இருந்தது. அதையும் கொஞ்சம் தள்ளிப் போய் நானே எழுதப் போகிறேன்.

அந்த ஆட்டம் நம் வீட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து கேள். இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருந்த பிரவுசிங் சென்டரை மூடினார்கள். பழைய கம்ப்யூட்டர்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். நீ அப்போது ஆறாவது. "பையன் படிப்புக்கு" என்று சொல்லி ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அதற்குள் படிப்பு சம்பந்தமாக எதுவும் இல்லை. யாரோ விட்டுப்போன ஒரு ஆட்டம்தான் இருந்தது. கறுப்புத் திரை, அதில் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நட்சத்திரம். கையில் ஒரே ஒரு கிரகத்தைக் கொடுத்து, "இனி உன் சாமர்த்தியம்" என்று விட்டுவிடுகிறது. கப்பல் கட்டலாம், ஆராய்ச்சி செய்யலாம், ஆள் இல்லாத கிரகத்தில் குடியேறலாம், பக்கத்து ராஜாக்களோடு ஒப்பந்தம் போடலாம், அப்புறம் அதை மீறலாம். எல்லாம் செய்து முடித்துவிட்டு ஓரத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஒரு வருஷம் நகரும். மற்ற ராஜாக்களும் தங்கள் வேலையைச் செய்வார்கள். அப்புறம் மறுபடி நம் முறை.

முதல் மூன்று மாதம் நான் ஆண்ட லட்சணம் உனக்கு நினைவிருக்கும். நம் பக்கத்து ஆள் அத்தனை பேரும் கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பக்கம் மனை வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. நான் அதே புத்தியோடு கிரகம் கிரகமாகப் போய்க் கல் நட்டேன். விஷக்காற்றா, தண்ணீர் இருக்கிறதா, ஒன்றும் பார்க்கவில்லை. முடிச்சூர் பக்கம் வெயில் காலத்தில் மனை பார்த்துவிட்டு ஐப்பசியில் போய் முழங்கால் தண்ணீரில் நின்றவன்தானே நான். பதினேழு கிரகம் பிடித்தேன். காவலுக்கு ஒரு போர்க்கப்பல் கூடக் கட்டவில்லை. பச்சைக் கொடி ராஜா ஒருத்தன் நாலே கப்பலோடு வந்து, தெருவில் பால் பாக்கெட் எடுப்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனான். நீ என் தோளுக்குப் பின்னால் நின்று, "அப்பா, மனை வாங்கினா மட்டும் போதாதுப்பா, காம்பவுண்டு சுவர் கட்டணும்" என்றாய். பதினோரு வயசு உனக்கு. அன்றைக்கே உன்னைக் கூட்டு ராஜாவாகச் சேர்த்துக்கொண்டேன்.

கூட்டு ஆட்சி எப்படி நடந்தது என்பதுதான் முக்கியம். மறைமலைநகர் பக்கம் பிரேக் பாகம் செய்யும் கம்பெனியில் எனக்கு ஷிஃப்ட் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. மதிய ஷிஃப்ட் வாரத்தில் நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் இருக்க மாட்டேன். நான் வரும்போது நீ தூங்கியிருப்பாய். அந்த வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை தவிர நாம் முழித்த முகத்தோடு பார்த்துக்கொள்வதே அபூர்வம். அதனால் ஒரு சட்டம் போட்டோம். ஆளுக்கு ஐந்து முறை. ஐந்து முடிந்ததும் சேமித்துவிட்டு, என்ன செய்தோம் என்று விசைப்பலகை பக்கத்தில் இருக்கும் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். நான் எழுதுவேன்: "மேற்கு மூலையில் ஆறு கப்பல் நிற்கிறது. தொடாதே. காரணம் உண்டு." சாயங்காலம் நீ அதற்குக் கீழே எழுதியிருப்பாய்: "தொடவில்லை. ஆனால் காரணம் என்ன? பச்சைக்காரன் இப்போது நம்மிடம் வாலாட்டவில்லையே." மறுநாள் நான்: "அவன் பார்வை சரியில்லை." நீ: "அவனுக்குப் பார்வையே கிடையாது அப்பா, அவன் ஒரு படம்." உங்கம்மா அந்த நோட்டைப் படித்துவிட்டு, "பேங்க்ல பாஸ்புக் போடணும்னு பத்து நாளா சொல்றேன், அதை இதுல எழுதினாத்தான் நடக்குமா?" என்று கேட்டு, நடு பக்கத்தில் தன் கையாலேயே எழுதி வைத்தாள். அப்புறம் நடந்தது.

ஒரு நாள் நோட்டில், ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், "இன்று வகுப்பில் என்னை வெளியே நிற்க வைத்தார்கள், நான் பேசவில்லை, பேசியது வேறு பையன்" என்று எழுதியிருந்தாய். நான் அதற்குக் கீழே, "தெரியும். நீ பேசியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாய்" என்று எழுதினேன். நேரில் இருந்திருந்தால் நீ சொல்லியிருக்கவும் மாட்டாய், நான் அப்படிப் பதில் சொல்லியிருக்கவும் மாட்டேன். "நீ என்ன பண்ணே?" என்றுதான் கேட்டிருப்பேன். ஐந்து வருஷம் நாம் அப்பா மகனாகப் பேசிக்கொண்டதில் பாதிக்கு மேல் அந்த நோட்டில்தான் இருக்கிறது. இதைத்தான் நீ "கேம் கீம்" என்கிறாய்.

"அதுல அப்படி என்னதான்பா இருக்கு, கிராஃபிக்ஸ் கூட இல்ல" என்று போன பொங்கலுக்குக் கேட்டாய். அன்றைக்கு வாயில் கரும்பு இருந்தது. இப்போது சொல்கிறேன். முப்பத்தைந்து வருஷம் என் நேரத்தை யாரோ ஒருத்தர் வைத்திருந்தார்கள். கம்பெனி பஸ் நாலு நாற்பதுக்கு வரும். நாலு நாற்பத்தொன்றுக்கு அதன் பின்பக்கம்தான் தெரியும். மெஷின் நாற்பது வினாடிக்கு ஒரு பாகம் துப்பும். அதற்குள் எடுத்து, பார்த்து, அடுத்ததை வைக்க வேண்டும். டீக்கு ஏழு நிமிஷம். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் மாற்று ஆள் வர வேண்டும். வெளியே வந்தால் ஜி.எஸ்.டி. ரோட்டில் பின்னால் வருகிறவன் ஹாரன். அப்படி ஒரு நாளை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், அந்த ஆட்டம் எனக்காகக் காத்திருக்கும். ஒரு பிரபஞ்சமே காத்திருக்கும்! எதிரி கப்பலை வாசலில் நிறுத்தியிருந்தாலும் சரி, நான் எழுந்து போய்க் குளித்து, சாப்பிட்டு, உங்கம்மாவோடு சின்னதாக ஒரு சண்டை போட்டுவிட்டு வரலாம். வந்து பார்த்தால் அவன் அதே இடத்தில் நிற்பான். யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு எடுத்துக்கொள் என்று என்னிடம் வாழ்க்கையில் சொன்ன முதல் ஆள் அதுதான். பள்ளிக்கூடம் சொல்லவில்லை, கம்பெனி சொல்லவில்லை, உங்க தாத்தா சத்தியமாகச் சொல்லவில்லை.

இன்னொன்று. அதில் தோற்றால் யாரால் தோற்றோம் என்று தெரியும். நூறாவது வருஷத்தில் தலைநகரம் விழுகிறது என்றால், முப்பதாவது வருஷத்தில் நான் கேடயத்துக்குப் பதில் இயந்திரத்தை ஆராயச் சொன்னதுதான் காரணம் என்று விரல் வைத்துக் காட்டலாம். கம்பெனியில் ஒரு பாகம் கெட்டுப்போனால் ஷிஃப்ட் இன்சார்ஜ் என்னைச் சொல்வார், நான் மெஷினைச் சொல்வேன், மெஷின் ஒன்றும் சொல்லாது. இங்கே அந்தப் பேச்சே இல்லை. தப்பு முழுக்க எனக்கே சொந்தம். அடுத்த ஆட்டத்தில் நட்சத்திரங்கள் வேறு இடத்தில் இருக்கும், அண்டை ராஜா வேறு குணத்தோடு இருப்பான், நான் வேறு ஒரு புதுத் தப்பு செய்வேன். இருபது வருஷமாக ஆடியும் ஒரே தப்பை இரண்டு தடவை செய்தது குறைவு. உங்கம்மா இதை நம்ப மாட்டாள். அது பரவாயில்லை.

நீ இப்போது என்ன வேலை பார்க்கிறாய் என்று எனக்குப் புரியாது என்று நினைக்கிறாய். புரியும். ஒருத்தர் மூன்று நாள் உங்கள் ஆப்பைத் திறக்கவில்லை என்றால், "உங்களை மிஸ் பண்றோம்" என்று ஃபோனில் ஒரு வரி வருமே, அது எத்தனை மணிக்கு வந்தால் ஆள் திறப்பார் என்று கணக்குப் போடுவதுதான் உன் வேலை. நல்ல சம்பளம், ஓ.எம்.ஆரில் ஏ.சி. ஆபீஸ், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேட்டுக்கொள். நான் போன வருஷம் கண் ஆபரேஷன் செய்துகொண்டு ஒரு மாதம் திரைப் பக்கமே போகவில்லை. என் ஆட்டம் என்னை ஒரு தடவை கூடக் கூப்பிடவில்லை. திரும்பிப் போனபோது கோபித்துக்கொள்ளவும் இல்லை. பயிர் வாடிப்போச்சு, பரிசு போச்சு என்று மிரட்டவும் இல்லை. விட்ட இடத்தில் இருந்தது. கூப்பிடாமலே இருபது வருஷமாக ஒருத்தனை உட்கார வைக்கிற பொருளைச் செய்தவன், பெரிய கை. உங்கள் ஆபீஸில் இதைச் சொல்லிப் பார். கம்ப்யூட்டர் கூட அந்தப் பழையது இல்லை, இது மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் அந்த ஆட்டத்தைப் புது மெஷினில் ஓடவைக்க இணையத்தில் தேடி, எவனோ வெளிநாட்டுக்காரன் போட்ட வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நானே சரிசெய்தேன். பத்தாவது படித்தவன்.

சரி, இப்போது அந்த விஷயம். எழுதாமல் தள்ளிக்கொண்டு வந்தேன், நீ கவனித்திருப்பாய்.

நீ ப்ளஸ் ஒன். காலாண்டுப் பரீட்சையில் இரண்டு பாடத்தில் சரிந்துவிட்டாய். பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு, "வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கா சார்?" என்று கேட்டார்கள். ஏதோ சாராயம் இருக்கிறதா என்று கேட்டதுபோல் இருந்தது. நான் கூனிக் குறுகி, "படிப்புக்குத்தான் சார்" என்றேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பரீட்சை முடிகிற வரை நிறுத்தி வைப்போம், நானும் ஆட மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நீ கேட்டிருப்பாய். நான் என்ன செய்தேன்? "டேய், வைரஸ் வந்துடுச்சு. எல்லாம் அழிஞ்சுபோச்சு" என்றேன். "நம்ம கேமுமா?" என்றாய். "அதுவும்தான்" என்றேன். நோட்டை எடுத்துப் பரண் மேல் வீசினேன்.

எதுவும் அழியவில்லை. நீ டியூஷன் போகும் ஒன்றரை மணி நேரத்தில் நான் ஆடினேன். வீட்டில் இருந்த நாளெல்லாம். உன் முறையையும் சேர்த்து. "பையன் நல்லதுக்குத்தான் பொய் சொன்னேன், ஆனா ஆட்சி நின்னுடக் கூடாதே" என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். பார், எவ்வளவு பொறுப்பான ராஜா! ஒரு நாள் டியூஷன் சார் ஊரில் இல்லை என்று நீ பாதியில் வந்துவிட்டாய். கேட் சத்தம் கேட்டதும் மானிட்டரை அணைத்துவிட்டு நான் பேப்பரை விரித்துக்கொண்டேன். நீ பையைக்கூட இறக்கவில்லை. நேராகப் போய் மானிட்டரின் முதுகில் உள்ளங்கையை வைத்தாய். அந்தக் காலத்துக் குண்டு மானிட்டர் இட்லிப் பானை மாதிரி சுடும். கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தாய். என்னைப் பார்க்கவில்லை. அப்புறம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போய்ப் படிக்க உட்கார்ந்தாய். நான் பேப்பரில் ஒரே வரியைச் சாப்பாட்டு நேரம் வரை படித்துக்கொண்டிருந்தேன்.

நீ கத்தியிருந்தால் நான் திருப்பிக் கத்தி, கடைசியில் மன்னிப்புக் கேட்டிருப்பேன். நீ கத்தவில்லை. அந்த ராஜ்யம் அடுத்த இரண்டு வாரத்தில் கவிழ்ந்தது. அதை யோசித்து நடத்தியவன் நீ என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, நல்ல மார்க், சந்தோஷத்தில், "டேய், புதுசா ஒண்ணு ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டேன். "பரவாயில்லப்பா, நீங்க ஆடுங்க" என்றாய். பொத்தேரியில் காலேஜ் படித்த நாலு வருஷமும், வேலைக்குப் போன பிறகும், ஒவ்வொரு லீவிலும் நான் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே மரியாதையான குரல். "நீங்க ஆடுங்க." பதினாலு வருஷம் ஆகிறது. மன்னிப்பு இப்போது கேட்கிறேன். பொய் சொன்னேன், உன் முறையைத் திருடி ஆடினேன், பிடிபட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தப்பு.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார். நான் வெட்கப்பட வேண்டியது அந்தப் பொய்க்கு. அந்த ஆட்டத்துக்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும்? பள்ளிக்கூடத்தில் யாரோ முகம் சுளித்தார்கள் என்பதற்காக நான் ஒரு தடவை அதை மறைத்தேன். அதில் கூட்டு ராஜாவை இழந்தேன். இப்போது குரோம்பேட்டையிலிருந்து பெண் வீட்டார் வந்து முகம் சுளிப்பார்கள் என்பதற்காக மறுபடி மறைக்கச் சொல்கிறாய். இன்னும் யாரும் சுளிக்கவே இல்லை! வீடு பார்க்க வருகிறவர்கள் வீட்டைப் பார்க்கட்டும். ஹாலில் ஒரு பெட்ஷீட் மூடிய மேடு இருந்தால் அதற்கடியில் என்ன இருக்கிறதென்று அவர்கள் என்னென்னவோ நினைப்பார்கள். நீயும் யோசி. கல்யாணம் ஆன பிறகு அந்தப் பெண்ணிடம் உனக்குப் பிடித்தது ஒன்றை மூடி வைத்தாய் என்றால், அவள் இல்லாத ஒன்றரை மணி நேரத்தில் வாழ ஆரம்பிப்பாய். நான் வாழ்ந்து பார்த்தவன். கேட் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே ஆடினால் ஜெயிப்பது கூட ருசிக்காது.

நேற்று சாயங்காலம் உன் வருங்கால மாமனார் ஃபோன் செய்தார். எத்தனை பேர் வருகிறார்கள், காரை எங்கே நிறுத்துவது என்று பேசிவிட்டு, "நீங்க ரிடயர் ஆகி மூணு வருஷம் ஆச்சாமே சார், பொழுது எப்படிப் போகுது?" என்றார். என்னிடம் பதில் தயாராக இருந்தது. காலையில் வாக்கிங், சனிக்கிழமை திருநீர்மலை. போன வருஷம் இரண்டு தடவை மலை ஏறியிருக்கிறேன், முழுப் பொய் இல்லை. வாயைத் திறந்தேன். "கேம் ஆடறேன் சார்" என்று வந்துவிட்டது.

"கேரமா சார்?"

"இல்ல சார், கம்ப்யூட்டர்ல. விண்வெளி. கிரகம் கிரகமா குடியேத்தி, கப்பல் கட்டி, மத்த ராஜாக்களைச் சமாளிக்கணும்."

அந்தப் பக்கம் டி.வி. சீரியலில் யாரோ அழுவது மட்டும் கேட்டது. உன் கல்யாணத்தை நானே நிறுத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். உங்கம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள்.

"படபடன்னு சுடறதா சார்? எனக்குத் தலை சுத்தும்."

"அதெல்லாம் இல்ல சார். நாம யோசிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் நகர மாட்டாங்க."

"நிஜமாவா? எதிரி கூடவா?"

"எதிரி கூட."

"எங்க வீட்ல நான் பேசி முடிக்கிற வரைக்கும் யாருமே இருக்க மாட்டாங்க சார்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க ஜெயிப்பீங்களா?" என்றார்.

"பெரும்பாலும் தோத்துடுவேன்."

"அப்ப ஞாயித்துக்கிழமை எனக்குக் காட்டுங்க. ஜெயிக்கிறவங்க கத்துத்தர மாட்டாங்க, அவசரப்படுவாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஆக, ரகசியம் போய்விட்டது. நீ திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு, அந்தப் பதினாலு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். புது ஆட்டம் ஒன்று ஆரம்பித்து, முதல் வருஷத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒரே கிரகம், சுற்றிலும் பெயர் தெரியாத நட்சத்திரங்கள், இன்னும் ஒரு பொத்தான் அழுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை மானிட்டர் எரிந்துகொண்டிருக்கும், முன்னால் இரண்டு நாற்காலி இருக்கும். ஒன்று என்னுடையது. அவர்கள் பத்தரைக்கு வருகிறார்கள். அதுவரைக்கும் இன்னொன்றை உனக்காகப் பிடித்து வைத்திருப்பேன். அதற்கு மேல் உன் மாமனார் உட்காருவார்.